மக்காச்சோளம் குடியிருந்த வீடு

தொண்டு வேலைக்கு ஒரே ஊருக்கு இரண்டாம் முறை போகும்போது கொஞ்சம் கர்வம் ஒட்டிக்கொள்கிறது. வழி தெரியும், நாலு முகம் தெரியும், ‘நாம் கட்டின வீடு’ ஒன்று அங்கே நிற்கும். 2019 நவம்பரில் காத்மாண்டுவில் பஸ் ஏறி, நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்தில் இருக்கும் சௌதாராவில் இறங்கியபோது எனக்கு அந்தக் கர்வம் நிறையவே இருந்தது.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அதிகம் பேர் செத்தது இந்த சிந்துபால்சோக் மாவட்டத்தில்தான். அன்று சனிக்கிழமை, அங்கே வார விடுமுறை. பள்ளிக்கூடங்கள் இடிந்தபோது உள்ளே பிள்ளைகள் இல்லை.

கோவையில் சைட் இன்ஜினியராக இருக்கும் நான், 2017-இல் மூன்று வாரம் லீவு போட்டு முதன்முறை போனேன். மண் சாந்தில் கட்டிய கல் சுவர்கள், குலுக்கலில் உள்முகம் தனியாக, வெளிமுகம் தனியாகப் பிளந்து சரிந்திருந்தன. இரண்டையும் கோத்துப் பிடிக்க நீளக் கற்களைக் குறுக்கே வைக்க வேண்டும், சுவரை இறுக்கிப் பிடிக்கச் சுற்றிலும் பட்டைபோல் பெல்ட் ஓட வேண்டும். ரசமட்டம் பார்ப்பது என் வேலை. மற்ற நேரம் கல் சுமந்தேன். உள்ளூர்க் கொத்தனாருக்கு நான் தேவைப்பட்டேனா என்பது வேறு விஷயம்!

நாங்கள் கட்டிய வீட்டுக்குச் சொந்தக்காரப் பாட்டியை எல்லோரும் ‘ஆமா’ என்றார்கள். நேபாளியில் அம்மா. போனில் மனைவியிடம் நான் “ஆமா, ஆமா” என்னும்போதெல்லாம் அவர் திரும்பிப் பார்ப்பார்.

சரி, இரண்டாம் முறை போய்க் கதவைத் திறந்தால், உள்ளே மக்காச்சோளம். உத்தரத்திலிருந்து தரை வரை கதிர் கதிராகத் தொங்குகிறது. மூலையில் இரண்டு ஆட்டுக்குட்டிகள். ஆமா பக்கத்தில் பழைய தகரக் கொட்டகையிலேயே இருந்தார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் கொத்தனார் சொன்னார்: அரசு உதவி மூன்று லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணை. ஒவ்வொன்றுக்கும் இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பணத்துக்குள், கெடுவுக்குள் முடிவது ஒற்றை அறைதான். அடுப்புக்கு இடமில்லை, தானியம் ஏற்றப் பரண் இல்லை. சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்கிறதா என்று நூறு தடவை பார்த்த நான், அடுப்பு எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்த முறை செய்தது சின்ன வேலை. கொட்டகையை ஒட்டி ஓர் அடுப்படி. கொத்தனார் கட்டினார், நான் மண் குழைத்தேன்.

எனக்குப் படுக்கை அந்தப் புது வீட்டில்தான். சோளத்தை ஒதுக்கிப் பாய் விரித்துத் தந்தார்கள். அதில் முதன்முதலாகப் படுத்த மனுஷன் நானாகத்தான் இருப்பேன். நடு இரவில் கல் சுவர் சில்லிட்டது. இரண்டு போர்வைக்கும் அடங்கவில்லை. விடியும் முன்பே எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஆமா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.