ஜாக்கோகோ அறிக்கை பூஜ்யம் காட்டியபோது: எபேன் அலுவலகத்தில் ஒரு கவரேஜ் சிக்கலைத் தீர்த்த அனுபவம்

மொரீஷியஸின் எபேன் சைபர்சிட்டியில் நாங்கள் பராமரித்துவரும் ஊதியப் பட்டியல் மென்பொருளை ஜாவா 8-இலிருந்து ஜாவா 17-க்கு மாற்றிய பிறகு, அதன் கவரேஜ் அறிக்கை, அதாவது டெஸ்டுகள் நிரலின் எவ்வளவு பகுதியை ஓட்டிப் பார்க்கின்றன என்று ஜாக்கோகோ கருவி அளந்து தரும் அறிக்கை, நம்ப முடியாத எண்களைக் காட்டத் தொடங்கியது. சம்பளக் கணக்கீட்டு மாட்யூல் முழுவதற்கும் பூஜ்ய விழுக்காடு என்று வந்தது. பொது விடுமுறைக் கணக்கு, ஆண்டிறுதி போனஸ் கணக்கு ஆகியவற்றுக்கு ஒரு நாள் ஓர் எண்ணும் மறுநாள் வேறோர் எண்ணும் வந்தன. கவரேஜ் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் எந்த மாற்றத்தையும் முதன்மைக் கிளையில் சேர்க்கக் கூடாது என்ற விதி இருந்ததால், குழுவின் வேலை அப்படியே நின்றது.

எண் ஏறும்வரை புதிய டெஸ்டுகளை எழுதிக்கொண்டே போகலாம் என்ற யோசனை எழுந்தது. அதை நான் ஏற்கவில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த, ரோஸ் ஹில்லைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி: "அண்ணா, சோதனைகள் எல்லாம் சரியாக ஓடுகின்றன, பிறகு ஏன் பூஜ்யம் காட்டுகிறது?" டெஸ்டுகளின் எண்ணிக்கை குறையவில்லை, நிரலின் தர்க்கம் மாறவில்லை, எல்லாம் வெற்றியாகவே முடிகின்றன. அப்படியானால் ஆராய வேண்டியது டெஸ்டுகளை அல்ல, அளக்கும் கருவியை. தவறான அறிக்கையை நம்பி எழுதப்படும் டெஸ்டுகள் எதையும் சோதிப்பதில்லை என்பதோடு, அவற்றைப் பராமரிக்கும் சுமை பல ஆண்டுகளுக்குக் குழுவின் தலையில் விழுகிறது.

ஜாக்கோகோ எப்படி அளக்கிறது என்பதை முதலில் எல்லோருக்கும் விளக்கினேன். டெஸ்டுகளை ஓட்டும் ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) தொடங்கும்போது ஜாக்கோகோ ஒரு ஜாவா ஏஜென்டாக, அதாவது துணை நிரலாக, அதனுடன் இணைகிறது. ஒவ்வொரு கிளாஸும் நினைவகத்தில் ஏறும் தருணத்தில் அதன் பைட்கோடில் (தொகுத்தபின் ஜேவிஎம் படிக்கும் வடிவில்) புரோப் எனப்படும் சிறு குறிகளைச் செருகுகிறது. ஜேவிஎம் முடியும்போது எந்தெந்தப் புரோப்களைத் தாண்டி ஓட்டம் சென்றது என்ற விவரம் 'எக்ஸெக்' என்னும் கோப்பில் எழுதப்படுகிறது. பின்னர் அறிக்கை தயாரிக்கும் படிநிலை, அந்தக் கோப்பையும் தொகுக்கப்பட்ட கிளாஸ் கோப்புகளையும் மூல நிரலையும் பொருத்திப் பார்த்து எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல், சிஎஸ்வி வடிவங்களில் அறிக்கை தருகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசியில் தெரிவது ஒரே விதமான தவறான எண்தான். ஆகவே முதல் கண்ணியிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவது என்று முடிவு செய்தோம்.

முதல் கண்ணியே அறுந்திருந்தது. பில்டின் லாகில், அதாவது நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் ஓட்டத்தின் பதிவில், எக்ஸெக் கோப்பு இல்லாததால் ஜாக்கோகோ இந்த மாட்யூலைத் தவிர்த்துவிடுகிறது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அது பிழையாக அல்ல, வெறும் தகவலாக அச்சாவதால், ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே யார் கண்ணிலும் படவில்லை. காரணம் ஜாவா 17 மாற்றத்திலேயே இருந்தது. பழைய நூலகங்கள் சில, ஜேடிகே-வின் (ஜாவா உருவாக்கத் தொகுப்பின்) உள் பயன்பாட்டுக்கான கிளாஸ்களை ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே கிளாஸின் உள்ளமைப்பை ஆராயும் வசதி) வழியாக அணுகுகின்றன. ஜாவா 17 அதை இயல்பாக அனுமதிப்பதில்லை என்பதால், 'ஆட்-ஓபன்ஸ்' என்ற விருப்பத்தை டெஸ்டு ஜேவிஎம்முக்குத் தர வேண்டியிருந்தது. அதை மேவன் என்ற பில்டு கருவியில் டெஸ்டுகளை ஓட்டும் ஷுயர்ஃபயர் பிளகினில் 'ஆர்க்லைன்' என்ற அமைப்புக்குள் எழுதியிருந்தோம். ஆனால் ஜாக்கோகோவின் 'ப்ரிப்பேர்-ஏஜென்ட்' படியும் தன் ஏஜென்ட் விருப்பத்தை அதே 'ஆர்க்லைன்' என்ற பெயருள்ள ப்ராபர்ட்டியில்தான் வைத்துவிட்டுப் போகிறது. பிளகினுக்குள் நேரடியாக எழுதிய மதிப்பு அந்தப் ப்ராபர்ட்டியை மறைத்துவிடுகிறது. ஏஜென்ட் இணைவதே இல்லை.

இதற்குத் தீர்வு எளிது. நமது விருப்பங்களுக்கு முன்னால் சுருள் அடைப்புக்குள் 'ஆர்க்லைன்' என்று எழுதி, வழக்கமான டாலர் குறிக்குப் பதிலாக @ குறியை இட வேண்டும். டாலர் குறியிட்டால் மேவன் பாம் என்னும் தன் அமைப்புக் கோப்பைப் படிக்கும்போதே மதிப்பை நிரப்பிவிடும். அப்போது ஜாக்கோகோ இன்னும் ஓடியிருக்காது. @ குறியிட்டால் ஷுயர்ஃபயர் தான் ஓடும் நேரத்தில் மதிப்பை எடுத்துக்கொள்ளும். ஷுயர்ஃபயர் 2.17 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. இதோடு, பாம் கோப்பின் ப்ராபர்ட்டிகள் பகுதியில் 'ஆர்க்லைன்' என்பதை வெறுமையாக அறிவித்துவைப்பது அவசியம். இல்லையென்றால் ஜாக்கோகோ இல்லாமல் பில்டு ஓட்டுபவருக்கு அந்த அடைப்புக்குறி அப்படியே ஜேவிஎம்முக்குப் போய், அது தொடங்கவே மறுத்துவிடும். ஷுயர்ஃபயரில் 'ஃபோர்க்-கவுண்ட்' பூஜ்யமாக இருந்தாலும் ஏஜென்ட் இணையாது, ஏனெனில் அப்போது தனி ஜேவிஎம் உருவாவதே இல்லை. எங்களிடம் அந்தச் சிக்கல் இருக்கவில்லை.

ஏஜென்ட் இணைந்ததும் அடுத்த பிழை வெளிப்பட்டது: 61 என்ற கிளாஸ் கோப்புப் பதிப்பு ஆதரிக்கப்படவில்லை என்று நீண்ட ஸ்டாக் டிரேஸ்கள் (பிழை எழுந்த வழியைக் காட்டும் வரிகள்) கொட்டின. 61 என்பது ஜாவா 17-இன் எண். 52 ஜாவா 8-உடையது. 65 ஜாவா 21-உடையது. நாங்கள் வைத்திருந்த ஜாக்கோகோ 0.8.5, ஜாவா 17 வெளிவருவதற்கு முன்பே வந்தது. 0.8.8 பதிப்புதான் ஜாவா 17-ஐ அதிகாரபூர்வமாக ஆதரிக்கிறது, நாங்கள் 0.8.12-க்கு மாற்றினோம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புரோப் செருகுவது தோற்றால் ஜேவிஎம் அந்தக் கிளாஸை மாற்றமில்லாத வடிவில் ஏற்றிக்கொண்டு டெஸ்டைத் தொடர்கிறது. டெஸ்டு வெற்றி பெறும், கவரேஜ் மட்டும் பதிவாகாது. அதனால்தான் "டெஸ்டு பச்சையாக இருக்கிறதே" என்பது கவரேஜ் விஷயத்தில் எதற்கும் சான்று ஆவதில்லை.

ஏஜென்ட் சரியாக இணைந்த பிறகு, அதுவரை வெற்றி பெற்றுவந்த ஒரு டெஸ்டு தோற்றது. சம்பளச் சீட்டு கிளாஸின் புலங்களை ரிஃப்ளெக்ஷன் மூலம் பட்டியலிட்டு எண்ணிப் பார்க்கும் டெஸ்டு அது. ஏஜென்ட் இணையாதிருந்த காலத்தில் எழுதப்பட்டது. ஜாக்கோகோ ஒவ்வொரு கிளாஸிலும் டாலர் குறியுடன் தொடங்கும் ஒரு புலத்தையும் ஒரு மெத்தடையும் சேர்க்கிறது. இரண்டும் 'சிந்தெடிக்' (மூல நிரலில் இல்லாமல் கருவி சேர்த்தவை) என்று குறிக்கப்பட்டவை. சிந்தெடிக் உறுப்புகளை விட்டுவிட்டு எண்ணும்படி டெஸ்டைத் திருத்தினோம். இது பலருக்கும் நேரக்கூடியது; ஏஜென்டைக் குறை சொல்வதில் பொருளில்லை.

நாளுக்கு நாள் எண் மாறிய புதிர், சங்கிலியின் மூன்றாம் கண்ணியில் இருந்தது. கிளாஸ் கோப்புகள் டெஸ்டு விவரத்துடன் பொருந்தவில்லை என்றும், ஓட்டத்தின்போது பயன்படுத்திய அதே கிளாஸ் கோப்புகளை அறிக்கைக்கும் தர வேண்டும் என்றும் லாகில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஜாக்கோகோ ஒரு கிளாஸை அதன் பெயரை மட்டும் கொண்டு அடையாளம் காண்பதில்லை. கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட 64 பிட் சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு அடையாளம் காண்கிறது. எங்கள் பில்டு வரிசையில் டெஸ்டு ஓர் இயந்திரத்திலும், அறிக்கை தயாரிப்பு வேறோர் இயந்திரத்திலும் நடந்தன. இரண்டாவது இயந்திரம் நிரலை மறுபடி தொகுத்தது. இரண்டிலும் ஒரே ஜேடிகே இருந்த நாளில் எண் சரியாக வந்தது. இல்லாத நாளில் பல கிளாஸ்கள் பூஜ்யமாயின. முதல் இயந்திரத்தில் தொகுத்த கோப்புகள் உள்ள டார்கெட் அடைவை அப்படியே அடுத்த இயந்திரத்துக்கு எடுத்துச்சென்று, அங்கே தொகுப்பு நடக்காதபடி அறிக்கைப் படியை மட்டும் அழைத்ததும் இந்தத் தள்ளாட்டம் நின்றது. டெஸ்டுகளுக்குப் போலிப் பொருள்களை உருவாக்கும் பவர்மாக் நூலகத்தைப் பயன்படுத்துவோருக்கும் ஏறத்தாழ இதே விதமான இழப்பு ஏற்படும்; அது கிளாஸ்களை வட்டிலிருந்து தானே படித்து மாற்றுவதால் ஏஜென்டின் புரோப்கள் காணாமல்போகின்றன. அத்தகையோர் ஆஃப்லைன் இன்ஸ்ட்ருமென்டேஷனை (டெஸ்டு ஓடுவதற்கு முன்பே புரோப்களைச் செருகும் முறையை) நாட வேண்டும், அல்லது மாகிட்டோ என்ற மற்றொரு போலிப்பொருள் நூலகத்துக்கு மாற வேண்டும்.

பல மாட்யூல்கள் உள்ள திட்டத்தில், ஒரு மாட்யூலின் டெஸ்டு இன்னொரு மாட்யூலின் நிரலை ஓட்டினால், வழக்கமான அறிக்கை அதைக் கணக்கில் கொள்ளாது. இதற்காகத் தனியாக ஒரு மாட்யூல் வைத்து, மற்றவற்றை அதன் சார்புகளாக அறிவித்து, 'ரிப்போர்ட்-அக்ரிகேட்' படியை ஓட்டினோம். கம்பைல் ஸ்கோப்பில் அறிவித்தால் அந்த மாட்யூலின் நிரலும் டெஸ்டு விவரமும் சேரும். டெஸ்ட் ஸ்கோப்பில் அறிவித்தால் விவரம் மட்டும் சேரும். லோம்போக் நூலகம் தானாக உருவாக்கும் கெட்டர், செட்டர் மெத்தட்களை அறிக்கையிலிருந்து நீக்க, லோம்போக் அமைப்புக் கோப்பில் 'ஜெனரேட்டட்' அன்னோட்டேஷனைச் சேர்க்கச் சொல்லும் ஒரு வரி போதும்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது பொது விடுமுறைக் கணக்குதான். இங்கே பொது விடுமுறையில் வேலை செய்தவருக்கு இரட்டிப்பு விகிதத்தில் ஊதியம் தர வேண்டும். தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, ஈகைத் திருநாள், தீபாவளி ஆகியவற்றின் தேதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், நாள்காட்டி அட்டவணையில் அந்த ஆண்டின் பதிவு இல்லையென்றால் கணக்கீடு எக்ஸெப்ஷனுடன் (பிழை அறிவிப்புடன்) நிற்க வேண்டும். அதற்கு நல்ல டெஸ்டு இருந்தது. தைப்பூசத் தேதி இல்லாத ஆண்டைக் கொடுத்து, எக்ஸெப்ஷன் எழுவதை உறுதிசெய்தது. ஆனாலும் எக்ஸெப்ஷன் எழும் வரியை அறிக்கை சிவப்பாகவே, அதாவது ஓடாததாகவே, காட்டியது.

அந்த வரி, எப்போதும் எக்ஸெப்ஷனை எழுப்பும் ஒரு துணை மெத்தடை அழைத்தது. ஒரு வரிக்குப் பின்னாலுள்ள புரோப்பை ஓட்டம் அடைந்தால் மட்டுமே ஜாக்கோகோ அந்த வரியை ஓடியதாகக் கொள்ளும். அழைத்த மெத்தட் திரும்பாமலே எக்ஸெப்ஷன் எழுந்தால் அந்தப் புரோப்பை ஓட்டம் அடையாது. அதோடு, மெத்தட் ஒரு மதிப்பைத் திருப்பித் தர வேண்டியது என்பதால், தொகுப்பான் கேட்பதற்காக அடுத்த வரியில் 'ரிட்டர்ன் நல்' என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வரி எந்நாளும் ஓடாது. துணை மெத்தட் எக்ஸெப்ஷனை உருவாக்கித் திருப்பித் தருமாறும், அழைக்கும் இடத்தில் 'த்ரோ' என்று வெளிப்படையாக எழுதுமாறும் மாற்றினோம். 'த்ரோ' கட்டளைக்கு முன்னால் ஜாக்கோகோ ஒரு புரோப் வைக்கிறது என்பதால் வரி பச்சையானது. பயனற்ற ரிட்டர்ன் வரியும் போயிற்று. நிரலைப் படிப்பவருக்கும் ஓட்டம் அங்கே முடிகிறது என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. கவரேஜுக்காக நிரலை வளைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இந்த மாற்றம் கவரேஜ் கருவி இல்லாவிட்டாலும் செய்யத் தக்கது.

அறிக்கை சரியானது, ஆனாலும் பில்டு சேவையகம் கவரேஜ் எண்ணே இல்லை என்றது. எங்கள் சேவையகம் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலுள்ள அலுவலகத்துடன் பகிர்ந்துகொள்வது; அதன் மொழி அமைப்பு பிரெஞ்சு. ஜாக்கோகோவின் எச்டிஎம்எல் அறிக்கை, ஜேவிஎம்மின் மொழி அமைப்புக்கேற்ப விழுக்காட்டை எழுதுகிறது. ஆங்கிலத்தில் எண்ணை ஒட்டியே % குறி வரும். பிரெஞ்சு முறையில் இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி வரும். சேவையகம் அறிக்கையில் தேடிய ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேடல் வடிவம்), எண்ணை ஒட்டி % குறியை எதிர்பார்த்ததால் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த இடைவெளி சாதாரணமானதாக இல்லாமல் பிரிபடாத வகை இடைவெளியாக இருக்கக்கூடும் என்பதால், எக்ஸ்பிரஷனில் ஓர் இடைவெளியைச் சேர்ப்பதும் நம்பத்தக்க தீர்வாகாது. மேவனின் மொழியை ஆங்கிலமாக அமைக்கலாம். நாங்கள் அதைவிட உறுதியான வழியாக, சிஎஸ்வி அறிக்கையில் ஓடிய இன்ஸ்ட்ரக்ஷன்களையும் ஓடாதவற்றையும் கூட்டி விகிதத்தைக் கணக்கிடும் சிறு ஸ்கிரிப்ட் எழுதினோம். அதிலுள்ளவை முழு எண்கள் மட்டுமே. எந்த மொழி அமைப்பும் அவற்றைத் தொடாது. எச்டிஎம்எல் அறிக்கை விழுக்காட்டைக் கீழ்நோக்கியே முழுமையாக்குகிறது என்பதையும் அப்போது குழுவுக்குச் சொன்னேன்: 79.9 என்பது அங்கே 79 என்றே தெரியும்.

எல்லாம் சீரானபின் கிடைத்த எண் 80-ஐத் தாண்டியிருந்தது; விதியைத் தளர்த்த வேண்டிய தேவை எழவில்லை. அதைவிட முக்கியமாக, உண்மையான ஓட்டை ஒன்று, நிபந்தனையின் சில கிளைகள் மட்டுமே ஓடின என்பதைக் குறிக்கும் மஞ்சள் சாய்சதுரமாகத் தெரிந்தது. இங்கே ஆண்டிறுதி போனஸ், ஆண்டு வருமானத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதில் 75 விழுக்காட்டைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே கொடுத்துவிட்டு, மீதியை ஆண்டின் கடைசி வேலை நாளுக்குள் தர வேண்டும். முதல் தவணைக்குப் பிறகு ஊழியர் ஊதியமில்லா விடுப்பில் சென்று, மதிப்பிட்டதைவிட ஆண்டு வருமானம் குறைந்தால், மீதித் தொகையைக் கணக்கிடும் கிளையை எந்த டெஸ்டும் தொடவில்லை. ரோஸ் ஹில் பொறியாளர் அந்தக் கிளைக்கான டெஸ்டை இப்போது எழுதிவருகிறார். முதல் தவணை மதிப்பீட்டுக்கான எண்களைச் சம்பளப் பிரிவினரிடமிருந்து வாங்கி, டிசம்பர் பட்டியல் ஓடுவதற்கு முன் அதைச் சேர்த்துவிடத் திட்டமிட்டிருக்கிறோம்.