97 வயதான மூன்று வருடப் பாலிசி

1998-இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது கோபால் (COBOL என்ற பழைய கணினி மொழி) புரோகிராம்கள். "யாருப்பா அந்தக் கோபால்?" என்று அப்பா கேட்டார். அமெரிக்க இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் மெயின்பிரேம் என்ற பெரிய கணினியில் ஓடியவை அவை. சில என்னைவிட மூத்தவை. மெமரி யானை விலை விற்ற காலத்தில் எழுதியதால் வருடத்துக்கு இரண்டே இலக்கம். 2000 பிறந்தால் அது 00, கணக்கெல்லாம் தப்பாகும். இதுதான் ஒய்2கே பிரச்சினை, அதைத் திருத்துவதுதான் என் வேலை.

திருத்துவது ஐந்து நிமிட வேலை. எங்கே திருத்துவது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. 'டேட்', 'இயர்' என்ற பெயர்களைத் தேடித்தர ஒரு கருவி இருந்தது. ஆனால் எந்தப் புண்ணியவானோ வருடத்தை 'டெம்ப்-3' என்ற ஃபீல்டில் (தகவல் வைக்கும் இடம்) போட்டு வைத்திருந்தார். சிஸ்டம் தேதியை 2000-க்குத் தள்ளி ஓட்டிப் பார்த்தபோதுதான் சிக்கியது. 1997-இல் எடுத்த பாலிசிக்கு வயது 97 என்று அச்சாகி வந்தது. 00-இல் 97 போனால் மைனஸ் 97. அந்த ஃபீல்டில் மைனஸுக்கு இடமில்லை, குறியை விழுங்கிவிட்டது.

பாலிசி தேதிகளுக்கு விண்டோயிங் போட்டோம்: இரண்டு இலக்க வருடம் 50-க்குக் கீழே இருந்தால் முன்னால் 20, மற்றதற்கு 19. 2050-இல் யார் தலையிலாவது விடியும் என்று தெரிந்தேதான் செய்தோம். பிறந்த தேதிக்கு இந்த வித்தை செல்லாது. 1920-இல் பிறந்த பாட்டி இன்னும் பிறக்கவே இல்லை என்றாகிவிடும். ஃபீல்டை நீட்டினால் ஃபைல்களையெல்லாம் மாற்றி அமைக்க வேண்டும். சீனியர் ஒருவர் வழி சொன்னார்: பேக்டு டெசிமலில் (ஒரு இலக்கத்துக்கு அரை பைட், பிளஸ் மைனஸ் குறிக்கும் அரை பைட்) ஆறு இலக்கத் தேதி நான்கு பைட் பிடிக்கும், அதில் ஏழு இலக்கம் வரை போடலாம். சும்மா கிடந்த அந்த அரை பைட்டில் நூற்றாண்டுக்கு 0 அல்லது 1 வைத்தோம். ஃபைல் ஒரு பைட்கூட நீளவில்லை. எனக்கு இன்றும் பிடித்த திருத்தம் அதுதான்.

லீப் வருடத்தில் வேறொரு வேடிக்கை. நான்கால் வகுபட்டால் போதும் என்று எழுதியவர்கள் தப்பித்தார்கள். நூறால் வகுபட்டால் லீப் இல்லை என்றுவரை படித்து, 400-ஆல் வகுபட்டால் லீப்தான் என்ற விதியை விட்டவர்கள் புரோகிராமில் 2000-க்குப் பிப்ரவரி 29 இல்லை.

டிசம்பர் 31 இரவு ஆபீஸிலேயே இருந்தோம். நியூயார்க்கில் நள்ளிரவு என்றால் நமக்கு மறுநாள் காலை 10:30. இட்லி சாப்பிட்டுக்கொண்டே திரையைப் பார்த்திருந்தோம். பேட்ச் ஜாப்கள் (மொத்தமாக வரிசையில் ஓடும் புரோகிராம்கள்) ஒவ்வொன்றாக ஒழுங்காக முடிந்தன. சரி, வீட்டுக்குப் போங்கள், பிப்ரவரி 29 அன்று யாரும் லீவு போடாதீர்கள் என்றார் மேனேஜர்.