அறிவுரை சொல்லாத வேலை

பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் இருக்கும் அம்மா அப்பாக்களோடு ஃபோனில் பேசுவது என் வேலை. நான் டாக்டரும் இல்லை, கவுன்சலரும் இல்லை. நானே அதில் கிடந்து எழுந்தவள், அதுதான் தகுதி. கூடவே கொஞ்சம் பயிற்சி. வெறும் பேச்சால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2009இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகமிருந்த 701 புதுத் தாய்மாரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஏற்கெனவே இதை அனுபவித்த தாய்மார்களை ஃபோனில் பேச வைத்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் அந்தக் குழுவில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு, மற்றதில் 25.

ஆனால் என்ன பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புதிதாகச் சேருபவர்கள் தங்கள் கதையை முழுசாகக் கொட்டிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்முனையில் இருப்பவர் "ஐயோ, அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று நமக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்! நம் கதைக்கு இரண்டு வாக்கியம் போதும். மீதி நேரம் அவருடையது.

அப்படி இடம் விட்டால்தான் யாரிடமும் சொல்லாதது வெளியே வரும். ஒருவர் குழந்தையோடு மாடிப்படி இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக இறங்குவாராம். நின்று இறங்கினால் குழந்தையைக் கீழே போட்டுவிடுவது போல ஒரு காட்சி மனதில் வந்துகொண்டே இருக்கும், இதைச் சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இந்த மாதிரி எண்ணங்கள் புதுப் பெற்றோர் பலருக்கும் வரும், அவை வருவதாலேயே ஒருவர் குழந்தைக்கு ஆபத்தானவர் ஆகிவிடுவதில்லை. "எனக்கும் வந்தது" என்று நான் சொன்னதும் அவர் வெகுநேரம் அழுதார்.

அந்த எண்ணத்தைக் கண்டு நடுங்குவது வேறு, அதை உண்மை என்று நம்புவது வேறு. காதில் குரல் கேட்கிறது, தூக்கமே தேவைப்படவில்லை, குழந்தைக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்றெல்லாம் அடித்துச் சொன்னால், அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் பிரசவகால மனநோயாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது. என்ன நோய் என்று முடிவு செய்வது என் வேலை இல்லை, தாமதமில்லாமல் கைமாற்றிவிடுவது என் வேலை.

இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் உண்டு, 1987இல் வந்தது. பத்தாவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் சுற்றி வளைப்பார்கள். அப்படி ஆகாது, நேராகவே கேட்கலாம். கேட்டதற்காக யாரும் என்னிடம் கோபப்பட்டதில்லை, நிம்மதியாக மூச்சு விட்டவர்கள்தான் அதிகம்.

அப்பாக்கள் பெரும்பாலும் மனைவிக்காகத்தான் கூப்பிடுவார்கள். பத்தில் ஓர் அப்பாவுக்கும் இந்த மனச்சோர்வு வருகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. "நீங்க தூங்குறீங்களா?" என்று கேட்டபோது ஒருவர், வேலை முடிந்து வந்தும் மேலே ஏறப் பிடிக்காமல் தினமும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். அதனால் இப்போது முதல் அழைப்பிலேயே அவர்களைப் பற்றியும் கேட்டுவிடுகிறோம். "நான் எனக்காகக் கூப்பிடலை" என்று சிலர் எரிந்து விழுவார்கள். சரி என்று விட்டுவிட்டு, அடுத்த முறை மறுபடி கேட்போம்.