மீதி வெள்ளி எங்கே, ஆத்தா?

போன பொங்கலுக்குக் கானாடுகாத்தான் போயிருந்தேன். முகப்பில் கைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஐயா (என் தாத்தா) பழைய பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பினாங்கு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, முகவருக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்தவர். இப்போது வேறு எதைப் படித்தாலும் அவருக்கு ருசிப்பதில்லை.

"நீ அங்க என்னதான் ஆத்தா செய்யுற?"

அணுக்கருவுக்குள் ஆற்றல் படிகள் இருக்கின்றன, மோதவிட்டு அளக்கிறோம் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே கண் பேரேட்டுக்குத் திரும்பிவிட்டது. சரி, அவர் வழிக்கே போவோம்.

"புரோட்டான்கிட்ட 12 வெள்ளி கொடுத்து மக்னீசியக் கருவிடம் அனுப்புறேன் ஐயா. மோதி 90 டிகிரி திரும்பி வர்றப்ப 11 சொச்சம்தான் இருக்கு."

"மீதி?"

"அடிபட்ட கரு பின்னால நகருதே, அதுக்கு வண்டிக்கூலி. ஆனா சில புரோட்டான் 9.71தான் கொண்டு வருது. கூலி 0.92 கழிச்சா 1.37 குறையுது. அதைக் கரு உள்ளே வாங்கி வச்சுக்கிட்டு, உடனே காமாக் கதிராத் திருப்பிக் கொடுத்துரும்."

"1.37தான் வாங்குமா?"

"அடுத்தது 4.12. நடுவுல எதுவும் வாங்காது."

பேரேட்டை மூடி வைத்தார். (வெள்ளி என்பது ஐயா புழங்கிய பினாங்குப் பணம். நான் சொன்னதை நீங்கள் மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகாகப் படித்துக்கொள்ளுங்கள்.)

வந்த உற்சாகத்தில் என் மானக்கேட்டையும் சொன்னேன். ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வருஷம். விடிய விடிய எடுத்த நிறமாலையில் (எந்த ஆற்றலோடு எத்தனை புரோட்டான் திரும்பின என்ற வரைபடம்), கூலி போக 0.9 குறையும் இடத்தருகே ஒரு முகடு. மக்னீசியம்-24இல் அங்கே படியே கிடையாது. புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சு படபடக்க, விடிந்ததும் உணர்கருவியை 60 டிகிரிக்கு நகர்த்தினேன். முகடு 0.5க்கு நழுவிவிட்டது! நிஜமான படி கோணத்துக்குக் கோணம் மாறாது. மோதல் நடக்கும் வெற்றிட அறையைத் திறந்து மெல்லிய மக்னீசியத் தகட்டை வெளியே எடுத்தால், புரோட்டான் கற்றை பட்ட இடத்தில் கடுகளவு கரும்புள்ளி. வெற்றிடப் பம்பின் எண்ணெய் ஆவி அங்கே கரியாகப் படிந்திருந்தது. கார்பன் கரு எடை குறைவு, அதிகம் பின்வாங்கும், கூலியும் அதிகம். அந்தக் கூலியைத்தான் மக்னீசியத்தின் வரவாக எழுதியிருந்தேன்.

"அவன் பற்றை இவன் பேர்ல எழுதிட்ட" என்று ஐயா சிரித்தார்.

கார்பன் மீது எனக்குக் கோபமில்லை. அதன் 7.65 படி இல்லாவிட்டால் விண்மீன்களில் இவ்வளவு கார்பன் விளைந்திருக்காது. வானியற்பியலாளர் ஃபிரெட் ஹாயில் அப்படி ஒரு படி இருந்தே ஆக வேண்டும் என்றார். 1953இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நைட்ரஜன் மீது டியூட்டரானை (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கரு) மோதவிட்டு, வெளிவந்த ஆல்ஃபாத் துகள்களின் கணக்கைப் பார்த்தே உறுதி செய்தார்கள். ஐயாவிடம் அதைச் சொல்ல நேரமில்லை, பணியாரம் வந்துவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஆள் தெரியாத தொகையை அனாமத்துல போடணும் ஆத்தா. அவசரப்பட்டு யார் பேர்லயும் ஏத்தக்கூடாது."

இப்போது என் ஆய்வகக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்துக்கு அனாமத்து என்று பெயர். இந்த வாரம் அதில் இரண்டு முகடுகள். ஒன்று ஆக்சிஜன், சந்தேகமே இல்லை. இன்னொன்றுக்கு வியாழக்கிழமை கோணம் மாற்றிப் பார்க்க வேண்டும்.