இலைக் கணக்கும் எட்டு மணி டீயும்

நவம்பர் 3, 2025, திங்கள்

சாயங்காலம் தோட்டத்தில் பறித்த தேயிலையை எடை போடும்போது ஓர் அக்காவின் 43 கிலோவை 34 என்று எழுதிவிட்டேன். சீட்டை நீட்டி, "ஏன் பாப்பா, மீதி ஒம்போது கிலோ எங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. காலையிலிருந்து மழையில் நனைந்து பறித்த கொழுந்து அது. ஒரே வாரத்தில் மூன்றாவது தப்பு. ராத்திரி தூக்கம் வருவதில்லை. பகலில் தலைக்குள் மேகம் இறங்கினாற்போல இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆறு டீ, கடைசி டம்ளர் ராத்திரி எட்டு மணிக்கு. கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு டீயின் மேல் சந்தேகமே வராது. ஆனால் டீயில் இருக்கும், தூக்கத்தை விரட்டும் காஃபீனில் பாதி கழியவே பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். நடுராத்திரி ஒரு மணிக்கும் பாதி டம்ளர் என் உடம்பில் விழித்துக்கொண்டு இருந்திருக்கிறது. இனி மூன்று மணி டீயோடு சரி.

நவம்பர் 6, வியாழன்

தலைவலி. பழகிய உடம்பில் காஃபீன் குறைந்தால் சில நாள் இப்படித்தான். அம்மா சுக்குமல்லித் தண்ணீர் கொடுத்தார்.

நவம்பர் 10, திங்கள்

கீழ்த் தோட்டத்திலிருந்து மேடேறும்போது அந்த அக்கா சில்வர் ஓக் மரத்தடியில் மூட்டையை இறக்கிவிட்டு, "ஊஊ" என்று நீளமாக மூச்சு விட்டார். பிறகுதான் பேச்சு. நானும் கணக்கு நோட்டைத் திறக்குமுன் அப்படிச் செய்கிறேன். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே; நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. வெளிமூச்சை நீட்டுவது அதற்காகத்தான்.

நவம்பர் 13, வியாழன்

எழுந்ததும் போனைத் தொடாமல் வாசலில் பத்து நிமிடம் நின்றேன். மூடிய வானமானாலும் வெளி வெளிச்சம் வீட்டு பல்பைவிடப் பல மடங்கு அதிகம். உடம்பின் கடிகாரம் அதைப் பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொள்கிறது. தேயிலைச் செடிகளின் மேல் சிலந்தி வலைகள் பனித்துளியோடு வெள்ளையாக விரிந்திருந்தன. இத்தனை வலைகள் இருப்பதை இதுவரை நான் கவனித்ததே இல்லை.

நவம்பர் 15, சனி

இன்று 27 சீட்டு, ஒரு தப்பும் இல்லை. நேற்று பத்தரைக்கே தூங்கிவிட்டேன். ஐந்து மணிக்கு அக்கா பிளாஸ்க்கைத் திறந்து, "ஒரு வாய் குடி பாப்பா" என்றார். மறுக்க மனம் வரவில்லை. பாதி டம்ளர் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.