‘ன்’ போட்டவருக்கும் ‘ர்’ போட்டவருக்கும் என்ன வித்தியாசம்?

"வடமாநில வாலிபன் சிக்கினான்." "கல்லூரி மாணவர் சிக்கினார்." இரண்டும் செல்போன் திருட்டுச் செய்திகள்தான். ஒருவருக்கு ‘ன்’, இன்னொருவருக்கு ‘ர்’.

பிரதியைத் திருத்துகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த விகுதியைத்தான். பெயர்ச்சொல்லை மரியாதையாக மாற்றிவிட்டு வினையை மறப்பவர்களே அதிகம். "ஒடிசா தொழிலாளர் ஒருவர் தப்பி ஓடினான்" என்பது அப்படி வந்த வாக்கியம். ‘ஆன்’, ‘ஆள்’ என முடியும் வினைகளைத் தேடிப் பிடித்து, யாருக்கு அவை விழுந்திருக்கின்றன என்று பாருங்கள்.

அடுத்து, ஊர் தேவையா? அந்த மாணவர் மதுரைக்காரராக இருந்தால் "தென்மாவட்ட மாணவர்" என்று போட்டிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் இங்கும் வேண்டாம். தேவைப்பட்டால் மாநிலத்தைச் சொல்லுங்கள். ஒடிசாவும் மேற்கு வங்கமும் கிழக்கில், அசாம் வடகிழக்கில். அங்கே பேசுவது ஒடியா, வங்காளம், அசாமியம். "இந்திக்காரர்" என்பது மரியாதைக் குறைவு என்பதற்கு முன்பே தகவல் பிழை. "புலம்பெயர் தொழிலாளர்" சரிதான், ஆனால் யாழ்ப்பாண வாசகருக்குப் "புலம்பெயர்" என்றதும் டொரன்டோவும் லண்டனும்தான் நினைவுக்கு வரும்.

இலங்கை என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பிரதிகள் தடுமாறுகின்றன. எல்லோரையும் "ஈழத் தமிழர்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தோர் மலையகத் தமிழர். 1911 குடிசன மதிப்பீடு அவர்களை "இந்தியத் தமிழர்" என்று தனியாகப் பிரித்தது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதனால்தான் "இந்தியத் தமிழர்" என்ற பெயரைப் பலரும் விரும்புவதில்லை: பிறந்த மண்ணில் இருப்பவரை வெளியாள் என்று சொல்கிறது. "தோட்டக்காட்டான்" நேரடி வசை. மேற்கோளில் தவிர எங்கும் வரக்கூடாது.

இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கே அனுப்பப்பட்டு, நீலகிரியில் கூடலூர் போன்ற ஊர்களில் குடியேறிய மலையகத் தமிழர்கள் "தாயகம் திரும்பியோர்". 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள்தான் அகதிகள். கூடலூர்க்காரரை அகதி என்று எழுதினால் அவருடைய இந்தியக் குடியுரிமையையே அழித்துவிடுகிறீர்கள். முகாம்களையும் 2021 முதல் தமிழ்நாடு அரசு "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்றே அழைக்கிறது.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோரின் வீட்டுமொழி தமிழ். ஆனாலும் அவர்கள் தங்களைத் தனி இனமாகக் கொள்பவர்கள். "தமிழ் முஸ்லிம்" என்ற நம் ஊர் வழக்கு அங்கே செல்லாது. எல்லோரையும் சேர்த்துச் சொல்ல "தமிழ் பேசும் மக்கள்" என்ற தொடர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

வசைச்சொற்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். "அடச் சண்டாளா" என்று கதையில் எழுதுகிறோம். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் பட்டியலில் அது ஒரு சமூகத்தின் பெயர்.

கடைசியாக, ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை நம்பாதீர்கள். "இந்தியத் தமிழர்" எல்லாவற்றையும் மாற்றினால் 1911 பற்றிய வரியே பொய்யாகிவிடும். "வடக்கன்" என்று தேடி "வடமாநிலத்தவர்" ஆக்கினால் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் "வடமாநிலத்தவர்குளம்" ஆகி அச்சேறும்.