ஆறு மணி நாற்பது நிமிஷத்தில் நியூயார்க்

சிங்கப்பூரில் யாராவது நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் டிக்கெட் போட்டால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியப்பா இப்படி எழுதாமல் விடமாட்டார்: "ராத்திரி 12.10க்குக் கிளம்பி அன்னைக்கே காலைல 6.50க்கு இறங்குதே! இதுக்கா இவ்வளவு காசு?"

டிக்கெட்டில் பொய் இல்லை. ஏறும் நேரம் சாங்கியின் கடிகாரம், இறங்கும் நேரம் கென்னடி விமான நிலையத்தின் கடிகாரம். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கி இருக்கும். இறங்கும் நேரத்தோடு அந்த 12ஐக் கூட்டினால் மாலை 6.50. ஆக 18 மணி 40 நிமிஷம். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13ஐக் கூட்ட வேண்டும்.

கூத்து திரும்பி வரும்போதுதான். வெள்ளி இரவு 10.30க்கு நியூயார்க்கில் ஏறினால் சாங்கியில் இறங்குவது ஞாயிறு விடியற்காலை 5.20. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் எறும்பு சைஸில் '+2' என்று இருக்கும். அதை யார் பார்த்தது? பெரியப்பா சனிக்கிழமையே காரை எடுத்துக்கொண்டு போய் வருகைப் பலகையின் கீழ் நின்றுகொண்டு, "விமானம் லேட்டா?" என்று குழுவில் கேட்பார். அந்த நிமிஷம் அங்கே வெள்ளி மாலை 5.20. பெரியம்மா இன்னும் மகள் வீட்டில் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்த சண்டை தூரத்தைப் பற்றி. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 என்பதால் எந்த இரண்டு ஊருக்கும் நடுவே 20,000க்கு மேல் இருக்க வழியில்லை. அதில் முக்கால் பங்குக்கும் மேல் இது. உலக உருண்டையில் இரண்டு ஊரையும் நூலால் இழுத்துப் பிடித்தால் நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைப்பவருக்கு இது புரியாது. இருக்கைத் திரையில் விமானம் பசிபிக் மேல் போவதைப் பார்த்து, மீட்டருக்காகச் சுற்றும் ஆட்டோ என்றே முடிவு கட்டிவிடுவார்.

சுற்றுவது உண்மைதான், ஆனால் காற்றுக்காக. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அது முதுகில் தள்ளினால் ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் சீக்கிரம் சேரலாம், எரிபொருளும் மிச்சம். பாதை தினமும் காற்றைப் பார்த்து மாறும். பல நாட்களில் போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே, வரும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கே. போய் வந்தவர் தனக்கே தெரியாமல் உலகத்தை ஒரு சுற்று சுற்றியிருப்பார்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வழியில் விடும் ஏ350-900யூஎல்ஆர் விமானத்தில் 161 இருக்கைகள்தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமியே கிடையாது. எரிபொருள் மட்டும் 1,65,000 லிட்டர் வரை பிடிக்கும். பெரியப்பா கேட்ட காசுக்குக் கணக்கு இதில் இருக்கிறது.

காலை 6.50க்கு இறங்குபவர்கள் ஓட்டல் அறையை முந்தைய இரவிலிருந்தே போட்டுவிடுவது நல்லது. பெரும்பாலான இடங்களில் பிற்பகல் 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள்.